அக்காவிடம் எந்தச் சொல்லைச் சொல்ல? ஆணை விரும்பும் ஆணுக்கு நம்மூரில் வழங்கும் பெயர்கள்

கேள்வி (தக்கலைப் பக்கத்து வாசகர்), 02.06.2024

என் அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஊருக்கு வந்தபோது தான் கே, அதாவது ஆண்களை விரும்புகிறவன் என்று என்னிடம் மட்டும் சொன்னான். அம்மாவிடம் நீங்கதான் மாமா பேசணும் என்கிறான். பேச எனக்குத் தயக்கம் இல்லை. எந்த வார்த்தையைச் சொல்லிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை. பேப்பரில் ஓரினச்சேர்க்கையாளர் என்று போடுகிறார்கள். சிலர் அதைச் சொல்லக்கூடாது, தன்பாலீர்ப்பாளர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சண்டைக்கு வருகிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

03.06.2024

இரண்டும் ஒன்று இல்லை. அந்தச் சண்டையிலும் நியாயம் இருக்கிறது.

ஓரினச்சேர்க்கையில் 'சேர்க்கை' என்று ஒரு பாதி இருக்கிறது பாருங்கள், கோளாறே அதில்தான். 'உனக்க மோன் ஓரினச்சேர்க்கையாளன்' என்று அக்காவிடம் போய்ச் சொன்னால் அவர் கண்முன் முதலில் வருவது ஒரு கட்டிலும் இரண்டு பேரும்தான், மகன் வருவதே இல்லை. எந்தத் தாயும் மகனை அப்படி நினைத்துப் பார்க்க விரும்பமாட்டாள். உங்கள் அத்தானை யாருக்காவது அறிமுகம் செய்யும்போது இவர் இன்னார், ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறார் என்றுதானே சொல்வீர்கள், ராத்திரி என்ன செய்வார் என்றா சொல்வீர்கள்?

இன்னொன்று, அந்தச் சொல் உண்மைக்கும் பொருந்தவில்லை. ஒருவர் கையைக்கூடத் தொட்டிராத பதினைந்து வயதுப் பையனுக்குத் தன் மனசு யார் பக்கம் சாய்கிறது என்று தெரியும். எனக்குத் தெரிந்தது. அந்த வயதில் நான் எதைச் 'சேர்ந்தேன்'? அதே நேரம் ஹாஸ்டலிலோ ஜெயிலிலோ வேறு வழியில்லாமல் நடப்பதை வைத்து அந்த ஆள் கே என்று முடிவுகட்டவும் முடியாது. ஈர்ப்பு என்றால் மனசு, சேர்க்கை என்றால் செயல். இரண்டையும் குழப்பினால் பையனும் தப்பாகத் தெரிவான், ஜெயிலில் இருந்தவனும் தப்பாகத் தெரிவான்.

03.06.2024, இரவு

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாற்பதைத் தாண்டியவன், பிறந்தது மார்த்தாண்டம் பக்கம், பிழைப்பு நாகர்கோவிலில் ஒரு அச்சகத்தில், டைப் அடித்துப் பக்கம் கட்டும் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால் போகும். ஆண்களை விரும்புகிறவன்தான். அதனால் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன், என்மேல் எறியப்பட்டதாகவும், நானே அச்சடித்ததாகவும்.

05.06.2024

திங்கள்சந்தை நண்பர் ஒருவர், 'ஓரினச்சேர்க்கை நல்ல தமிழ்ச்சொல், அதில் கெட்டது ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறார். தமிழ்தான். ஆனால் அது எங்கே குடியிருந்தது என்று பாருங்கள். நான் சின்னப் பையனாக இருந்த காலத்தில் டீக்கடையில் பேப்பரை ஒருவர் சத்தமாக வாசிப்பார், சுற்றி நாலு பேர் கேட்பார்கள். இந்தச் சொல் வந்ததும் அவர் குரல் தாழும், அல்லது வரியையே தாண்டிவிடுவார். ஏனென்றால் அது வருவது எப்போதும் போலீஸ் செய்தியில், கைது, கொலை, மிரட்டிப் பணம் பறிப்பு இவற்றுக்கு நடுவில். 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவு இந்த உறவை 'இயற்கைக்கு மாறான' குற்றம் என்று ஆரம்பித்து வைத்தது. பத்திரிகைத் தமிழ் அதை அப்படியே சுமந்தது.

2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு இப்படி உறவுகொள்வது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன் 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் இதையே சொன்னதை 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே தள்ளியிருந்தது, அந்த ஐந்து வருஷம் என்னைப் போன்றவர்களுக்கு எப்படிப் போனது என்பது தனிக்கதை. 2018இல் சட்டம் மாறியது, செய்தியில் சொல் மாறவில்லை. குற்றமில்லை என்று சொல்லும் செய்தியையே குற்றச்செய்தியின் சொல்லால்தான் பெரும்பாலும் எழுதினார்கள்.

06.06.2024

பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்கள் என்று கேட்டவருக்கு: ஒம்பது, பெண்ணன், பொட்டை, ஆணும்பெண்ணும் கெட்டவன். இதில் ஒம்பதுதான் எனக்கு மிகவும் கொடுமையாகப் பட்டது. வகுப்பில் ஒன்பதாம் நம்பர்க்காரன் ஒருவன் இருந்தான், கனத்த குரல், கால்பந்து விளையாடுகிறவன், நடையில் உடையில் ஒன்றும் கிடையாது. வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் நம்பர் வந்ததும் வகுப்பே சிரிக்கும். அவன் 'உள்ளேன்' என்று சொல்வதற்கு முன்னாலேயே சிரிப்பு தொடங்கிவிடும். வாத்தியாரும் சிரித்தார் என்பதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அவன் கடைசியில் எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டான்.

08.06.2024

'இதற்குப் பழந்தமிழிலேயே சொல் உண்டு, பேடி' என்று ஒரு தமிழாசிரியர் எழுதியிருக்கிறார். ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். பேடி, பேடு, அலி எல்லாம் உடலையும் இயல்பையும் பற்றிய சொற்கள். தொல்காப்பியம் 'ஆண்மை திரிந்த' என்று சொல்வதும் அதைத்தான். ஒருவர் யாரை விரும்புகிறார் என்ற பேச்சே அங்கே இல்லை. குறளில் பகைவர் நடுவே பேடி கையில் வாள் என்று வருவது அவையில் பயப்படுகிறவன் கற்ற நூலுக்கு உவமை. அந்தச் சொல்லை என்மேல் வைத்தால் நான் பெண்தன்மை உள்ளவன், பயந்தவன் என்று இரண்டு பொருள் வந்து ஒட்டும். பெண்தன்மை இருப்பதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் என்னிடம் அது இல்லை, அக்கா மகனிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. விருப்பத்துக்கும் நடைக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

இதையொட்டியே இன்னொரு குழப்பம். திருநங்கை வேறு, கே வேறு. திருநங்கை ஒரு பெண். நான் ஆண். இதை அக்காவிடம் முதலிலேயே தெளிவாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மகன் சேலை கட்டப்போகிறான் என்று நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்கமாட்டார்.

09.06.2024

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போய்வந்து இதை எழுதுகிறேன்.

நம் குமரி மாவட்டத்தில் மக்கள்தொகையில் பாதியை நெருங்கும் அளவுக்குக் கிறிஸ்தவர்கள். அந்த வீடுகளில் பிறந்தவர்களுக்கு இந்த விஷயத்தில் முதலில் காதில் விழுந்த சொல் பேப்பரிலிருந்து வரவில்லை, வேதப்புத்தகத்திலிருந்து வந்தது. ஒன்று கொரிந்தியர் ஆறாம் அதிகாரம் ஒன்பதாம் வசனம், பழைய திருப்புதலில் 'ஆண்புணர்ச்சிக்காரர்' என்று இருக்கும். ஓய்வுநாள் பள்ளியில் வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லும் டீச்சர் இந்த இடம் வந்தால் வேகமாகத் தாண்டுவார்கள். தாண்டுவதால்தான் நமக்கு அதில் கவனம் நிற்கும். பரலோக ராஜ்யத்தில் இடம் இல்லாதவர்கள் பட்டியலில் இருக்கிற ஒரு சொல் என்னைப் பற்றியது என்று புரிந்த பிள்ளை அதற்குப் பிறகு ஜெபத்தில் எதைக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். மூல கிரேக்கத்தில் அந்த இடத்தில் இரண்டு சொற்கள். ஒன்று மலக்கோய், 'மென்மையானவர்கள்' என்று பொருள். இன்னொன்று அர்செனோகொய்ட்டாய், ஆண் என்ற சொல்லையும் படுக்கை என்ற சொல்லையும் சேர்த்தது. இந்த இரண்டும் அந்தக் காலத்தில் யாரைச் சுட்டின என்று அறிஞர்கள் இன்றுவரை விவாதிக்கிறார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பு முதலாவதைச் 'சுயபுணர்ச்சிக்காரர்' என்று ஆக்கியது. மென்மைக்கும் சுயபுணர்ச்சிக்கும் எவ்வளவு தூரம்! ஆங்கிலத்தில் ஹோமோசெக்ஷுவல் என்ற சொல் ஒரு வேத மொழிபெயர்ப்பில் முதன்முதலாக ஏறியதே 1946இல்தான். அதற்கு முந்தைய தலைமுறைகள் அந்த வசனத்தை வேறு சொற்களோடுதான் வாசித்தார்கள். வேதத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, நான் விசுவாசிதான். மொழிபெயர்த்தவர் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார், அதை ஒரு பிள்ளை ஆயுள் முழுக்கச் சுமக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உங்கள் அக்கா கோவிலுக்குப் போகிறவரா, சபைக்குப் போகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. சபைக்குப் போகிறவர் என்றால் இந்த வசனம் நிச்சயம் வரும், தயாராக இருங்கள்.

09.06.2024

ஹோமோசெக்ஷுவல் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. அந்தச் சொல்லை 1860களின் கடைசியில் உருவாக்கியவர் கார்ல் மரியா கெர்ட்பெனி. 1869இல் பிரஷ்யாவின் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து அவர் எழுதிய துண்டறிக்கையில் அது அச்சேறியது. அதாவது பிறக்கும்போது அது எங்களுக்காகப் பரிந்து பேசிய சொல். பிறகு மருத்துவர்கள் கைக்குப் போனது, நோயின் பெயர் ஆனது. அதற்குப் பிறகு நம்மூர்ப் பையன்கள் வாய்க்கு வந்து 'ஹோமோ' என்று பாதியாக வெட்டப்பட்டு வசவாகிவிட்டது. நல்ல எண்ணத்தோடு பிறந்தது என்பதற்காக ஒரு சொல் நல்லதாகவே இருந்துவிடாது.

11.06.2024

களியக்காவிளைக்காரர் ஒருவர் எழுதுகிறார்: 'மலையாளத்தில் ஸ்வவர்க்கானுராகி என்கிறார்கள், அனுராகம் என்றால் அன்பு, அவர்கள் முதலிலிருந்தே சரியாகச் சொன்னார்கள், தமிழன்தான் கோட்டைவிட்டான்.'

முதலிலிருந்தே இல்லை. அங்கேயும் ஸ்வவர்க்கபோகி, ஸ்வவர்க்கரதி என்ற சொற்கள் இருந்தன, ரதி இன்னும் புழங்குகிறது. போகத்திலிருந்தும் ரதியிலிருந்தும் அனுராகத்துக்கு வர அவர்களும் பாடுபட்டுத்தான் வந்திருக்கிறார்கள். நாம் சேர்க்கையிலிருந்து ஈர்ப்புக்கு வருவதும் அதே வழிதான்.

மேற்கு விளவங்கோட்டில் வளர்ந்தவர்களுக்கு வசவும் இரண்டு மொழியில் கிடைக்கும். 2005இல் சாந்துபொட்டு என்று ஒரு மலையாளப் படம் வந்தது, அதில் நாயகன் பெண் நளினத்தோடு வளர்ந்தவன். அந்தத் தலைப்பே கேரளம் முழுக்கக் கிண்டல்பெயர் ஆகிவிட்டது, எல்லைக்கு இந்தப் பக்கம் நம் பையன்கள் வாயிலும் வந்து ஏறியது. ஓரளவு மெதுவாகப் பேசுகிற, கையை ஆட்டிப் பேசுகிற எந்தப் பையனுக்கும் அந்தப் பெயர்தான். 1956இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, வசவுக்கு மட்டும் எல்லை போட யாராலும் முடியவில்லை.

14.06.2024

நல்ல சொற்களும் நம்மூரில் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு நாளாக யோசித்தேன். ஒன்று இருக்கிறது. ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அச்சகத்துக்கு வந்தார். கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் ஒன்று வேண்டும். இறந்தவரின் வீட்டார் ஏற்கெனவே எங்களிடமே ஒன்று அடித்திருந்தார்கள், அதே படம், அதே பெயர். கீழே மனைவி இடம் காலி, அண்ணன் தம்பிகள், மைனிமார், மருமக்கள் என்று ஒரு பெரிய பட்டியல். இவர் தனியாக ஒன்று கேட்டார். படத்துக்காக அவர் கொண்டுவந்தது இரண்டு பேரும் திற்பரப்பு அருவியில் நின்று எடுத்தது. அதில் இறந்தவர் பாதியை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னார். தோளில் இவர் கை கிடக்கிறது. கையை அழிக்கணுமா அண்ணே என்று கேட்டேன். கிடக்கட்டும் என்றார்.

'கீழே என்ன போட?' என்று கேட்டேன். அவருடைய பெயர் ஒன்றுதான், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டும். நண்பர் என்று அடித்தேன். தலையை ஆட்டினார். 'நண்பர்னா ஊருல எல்லாரும் நண்பர்தானே.' உற்ற நண்பர், ஆருயிர் நண்பர் என்று போட்டுக் காட்டினேன். அதெல்லாம் அரசியல்காரன் பேனர் மாதிரி இருக்கிறது என்றார். உண்மைதான். சகோதரன் என்று ஒரு நிமிஷம் திரையில் இருந்தது, அதைப் பார்த்ததும் முகம் சுருங்கி, 'அது வேண்டாம்' என்றார். அப்புறம் அவரே சொன்னார், 'கூட்டுகாரன்னு போடு மக்கா.'

கூட்டுகாரன். வெளியூர்க்காரர்களுக்கு: நம்மூரில் அதற்கு நண்பன் என்று பொருள், அவ்வளவுதான், யாரும் யாரையும் சொல்லலாம். ஆனால் கூட்டு என்பதில் கூட இருப்பது இருக்கிறது, துணை இருக்கிறது. ராத்திரி தனியாகப் போகாதே, கூட்டுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போ என்போமே, அந்தக் கூட்டு. அவர்கள் இரண்டு பேரும் எத்தனையோ வருஷமாக ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் என்று பிறகு தெரியவந்தது. ஊரில் யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. 'அவனுக்க கூட்டுகாரன்' என்றுதான் எல்லாரும் சொல்வார்களாம். தெரிந்து சொன்னார்களா, தெரியாமல் சொன்னார்களா, அவரவர் பாடு.

பிளெக்ஸில் அந்தச் சொல்லைப் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன். அவர் கேட்காமலேயே.

15.06.2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு நிறையப் பேர், 'அப்படியானால் கே என்பதற்குக் கூட்டுகாரன் என்றே வைத்துவிடலாமே' என்கிறார்கள். வேண்டாம். அது உறவின் பெயர், ஆளின் பெயர் இல்லை. துணை இல்லாத பையனை யாருக்குக் கூட்டுகாரன் என்று சொல்ல? தவிர, அந்தச் சொல்லை இதற்கென்று ஒதுக்கிவிட்டால் நாளைக்கே பள்ளிக்கூடப் பையன்கள் நண்பனைக் கூட்டுகாரன் என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். பொதுவாக இருப்பதுதான் அதற்குப் பலம்.

சொல்லாமல் விட்டதன் விலையையும் பேச வேண்டும். அந்த மனிதருக்கு வீட்டாரின் பிளெக்ஸில் இடம் இல்லை, தனியாகக் காசு கொடுத்து அடிக்க வேண்டி வந்தது. ஊர் கண்ணை மூடிக்கொண்டதை நான் பெருமையாகப் பேசமாட்டேன். 2023 அக்டோபர் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தாருக்குத் திருமண உரிமை கொடுக்க மறுத்தது. அது வந்திருந்தால் இப்படிப்பட்டவர்களுக்கு வீட்டிலும் சொத்திலும் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவதிலும் ஒரு இடம் கிடைத்திருக்கும். ஒரு வட்டாரச்சொல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் ஆஸ்பத்திரிப் படிவத்தில் அதை எழுத முடியாது.

18.06.2024

அரசாங்கம் சொல்வைத்தால் மாறுமா என்ற கேள்விக்கு.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் ஒரு வழக்கு வந்தது, வீட்டார் எதிர்ப்பால் ஊரைவிட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு. இந்த விஷயம் தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்ப்பு எழுதினார் அவர். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. பால்புதுமையர் (பாலினத்திலோ விருப்பத்திலோ வழக்கத்துக்கு மாறுபட்ட எல்லாரையும் சேர்த்துச் சொல்வது) போன்ற சொற்களுக்கு அரசு முத்திரை கிடைத்தது அப்படித்தான்.

முத்திரையால் பயன் உண்டு. அரவாணி என்பது போய்த் திருநங்கை என்பது எவ்வளவு வேகமாக வந்தது என்று பார்த்தோம். 2008இல் அவர்களுக்கென நலவாரியம் அமைந்தது, பிறகு அட்டையிலும் விண்ணப்பத்திலும் அந்தப் பெயர் வந்தது, பேப்பர்க்காரர்களும் மாற்றிக்கொண்டார்கள். என் அச்சகத்திலேயே நோட்டீஸ் அடிக்க வருகிறவர்கள் திருநங்கை என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமல்.

ஆனால் போன மாதம் தெருவில் ஒரு பையன் இன்னொருவனைத் 'திருநங்கை, திருநங்கை' என்று விரட்டிக்கொண்டு போனான். அதே பழைய ஒம்பதின் ராகத்தில். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வெறுப்பு இருக்கிற வாயில் எந்தச் சொல்லைப் போட்டாலும், புளித்த மோர் இருந்த பானையில் பால் ஊற்றின கதைதான்.

அதனால் முதல் குறிப்பில் சேர்க்கை, ஈர்ப்பு என்று அவ்வளவு அழுத்திச் சொன்னதற்குக் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஈர்ப்பு சரியான சொல், அதில் மாற்றமில்லை. ஆனால் முதல்தடவை யார் வாயிலிருந்து, எந்த முகத்தோடு அந்தச் சொல் வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். அக்கா அதை உங்களிடமிருந்து கேட்டால் அது தம்பி சொன்ன சொல். பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து கேட்டால் வேறு.

18.06.2024

ஆம், பட்டியலில் இருக்கும் சில சொற்கள் வாயில் நுழைவதில்லை. புழங்கப் புழங்க நுழையும். கணினியும் ஒரு காலத்தில் நுழையவில்லை.

20.06.2024

எய்ட்ஸ் தடுப்புத் திட்டங்களில் வேலை பார்த்த ஒருவர் நல்ல குறிப்பு எழுதியிருக்கிறார். 1986இல் இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் சென்னையில் கண்டறியப்பட்டதற்குப் பிறகு படிப்படியாகத் தொண்டு நிறுவனங்கள் வந்தன, அவர்களோடு எம்எஸ்எம் என்ற மூன்றெழுத்து வந்தது, ஆணோடு உறவுகொள்ளும் ஆண். பதிவேட்டுக்கு அது வசதி. கே என்று தன்னைச் சொல்லாத, கல்யாணமாகிப் பிள்ளைகுட்டியோடு இருக்கிறவர்களையும் அது சேர்த்துக்கொண்டது, அதனால் பல உயிர்கள் பிழைத்தன, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதுவும் செயலின் பெயர்தான். அப்புறம் எங்களுக்குள்ளேயே புழங்குகிற கோத்தி (பெண் நளினம் உள்ளவர்), பந்தி (ஆண்தன்மை உள்ள துணை), டபுள்டெக்கர் (இரண்டு பக்கமும் இருப்பவர்) என்ற சொற்கள். வடசேரி பஸ்ஸ்டாண்டில் ஒருவர் என்னிடம் தணிந்த குரலில் 'நீங்க பந்தியா' என்று கேட்டபோது, பக்கத்தில் நின்ற பெரியவர் 'எந்த மண்டபத்துல?' என்று திரும்பிக் கேட்டார். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்போதைய பையன்களுக்கு அதெல்லாம் தெரியாது. உறவில் யாருக்கு எந்த இடம் என்பதைச் செல்போன் செயலியில் டாப், பாட்டம், வெர்ஸ் என்கிறார்கள். பொதுவாகச் சொல்லும்போது 'அவன் கம்யூனிட்டியா?' என்று கேட்கிறார்கள். நம்மூரில் கம்யூனிட்டி என்றால் தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்குகிற விஷயம். 'நம்மாளா' என்றும் கேட்கிறார்கள், அதுவும் சாதிக்காரனைக் கேட்கிற கேள்விதான். எங்களுக்குள்ளேயும் சாதி நன்றாகவே நடக்கிறது, 'நம்மாளு' என்று இரண்டு பொருளிலும் ஒரே மூச்சில் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி ஒரு நாள் தனியாக எழுத வேண்டும், ஆத்திரத்தோடு எழுதக் கூடாது என்பதால் இன்றைக்கு வேண்டாம்.

21.06.2024

'கே என்பது ஆங்கிலம், தமிழில் பேசு' என்பவருக்கு: பஸ், டீ, போன் எல்லாம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் மகிழ்ச்சி என்று பழைய பொருள். எங்கள் மாதிரி ஆட்கள் தங்களுக்குத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள், 1969இல் நியூயார்க்கில் ஸ்டோன்வால் கலவரத்துக்குப் பிறகு இயக்கத்தின் பெயரிலேயே அது ஏறியது. போலீஸும் டாக்டரும் வைக்காமல் நாங்களாக வைத்துக்கொண்ட பெயர் என்பதால்தான் அக்கா மகன் அதைச் சொல்கிறான். அவனை அந்தப் பெயரால் சொல்வதுதான் மரியாதை. அம்மாவுக்கு விளங்கும்படி சொல்வது வேறு வேலை, இரண்டும் மோதாது.

கேள்வி கேட்டவருக்கு, இவ்வளவு நாள் சுற்றிவிட்டு நேராகச் சொல்கிறேன். பெயர்ச்சொல்லோடு ஆரம்பிக்காதீர்கள். ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள், வீட்டில் பேசுகிற பேச்சிலேயே: 'அக்கா, அவனுக்குப் பெண்ணுக மேல ஆசை வராது. ஆணுக மேலதான் வரும். அவன் வேணும்னு செய்யல்ல, கூட்டுக்கெட்டு அவனைக் கெடுக்கவும் இல்ல.' இது உள்ளே இறங்கட்டும். பெயர் என்ன என்று அவரே கேட்பார். கேட்கும்போது தன்பாலீர்ப்பு என்று சொல்லுங்கள், அரசாங்கப் புத்தகத்திலும் இருக்கிற பெயராக்கும் என்றும் சொல்லுங்கள். நம் அக்காமாருக்கு அது ஒரு ஆறுதல்.

27.06.2024

பேசியாச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாகச் செய்தீர்கள். அக்கா கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்துவிட்டு, 'மனசிலாச்சு. டாக்டருட்ட காட்டினா மாறுமாலே?' என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

மாறாது, காட்டவும் வேண்டாம். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பிள்ளைகள் நாசமாகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே நோய்ப்பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17இல் எடுத்தது, அதனால்தான் அந்தத் தேதியை உலகம் முழுக்க எங்கள்மேல் உள்ள வெறுப்புக்கு எதிரான நாளாக வைத்திருக்கிறார்கள். இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இல் இது நோய் அல்ல என்று பகிரங்கமாகச் சொன்னது. மாற்றித் தருகிறேன் என்று சிகிச்சை செய்வது தொழில் ஒழுங்குமீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது, அதுவும் நான் மேலே சொன்ன அதே சென்னை வழக்கின் விளைவுதான். எனவே மாற்றித் தருகிறேன் என்று யாராவது ஒரு டாக்டர் சொன்னால் அவர் செய்வதுதான் தப்பு. மாத்திரை, ஷாக், மந்திரிப்பு, தைலம், உபவாச ஜெபம் எதற்கும் அழைத்துப் போக விடாதீர்கள். என்னை அழைத்துப் போனார்கள். எங்கே, யார் என்று எழுதமாட்டேன். என் அம்மா நல்ல எண்ணத்தில்தான் செய்தார், ஆனால் அதற்குப் பிறகு பல வருஷம் அவர் கையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கினாலும் அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பேன்.

அக்காவுக்கு யாரிடமாவது பேச வேண்டும் என்றால், அவருடைய துக்கத்துக்காக, அவருக்காக ஒரு கவுன்சலரிடம் போகலாம். பையனுக்காக இல்லை.

28.06.2024

கல்யாணம் பேசி வைத்திருக்கிற பெண் வீட்டாரிடம் என்ன சொல்ல என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே நிறுத்துங்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்றோ வேலை மாறுகிறது என்றோ என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் இதில் இருக்கிறது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொல்லி நடத்திய எத்தனையோ கல்யாணங்களுக்குப் பத்திரிகை அடித்தவன் நான், அதில் சில வீடுகளில் பிறகு என்ன நடந்தது என்பதும் தெரியும்.

29.06.2024

அத்தானிடம் யார் சொல்வது என்ற கடைசிக் கேள்விக்கு: நீங்கள் இல்லை, அக்காவும் இல்லை. அம்மாவிடம் பேசும்படி அவன் உங்களைக் கேட்டான், அப்பாவிடம் பேசும்படி கேட்கவில்லை. அக்காவிடமும் இதைச் சொல்லி வையுங்கள், மனசு தாங்காமல் ராத்திரி அத்தானிடம் சொல்லிவிடப் போகிறார். பையன் ஓணத்துக்கு வருகிறான் என்றீர்கள். அவனிடம் கேளுங்கள், சொல்லட்டுமா வேண்டாமா, நான் கூட இருக்கட்டுமா என்று. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.